கல்லூரி விளையாட்டில் சமத்துவம்: பெண்ணைச் சோதிக்க விதி இருக்கு, பெண்ணுக்குக் கொடுக்க விதி எங்கே?

விளையாட்டில் சாதித்தவர்களுக்காக சென்னை ஐஐடி 2024-25 கல்வியாண்டில் ஒரு புது வாசலைத் திறந்தது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள். அதில் ஒன்று யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கலாம். இன்னொன்று பெண்ணுக்கு மட்டும்.

படிக்கும்போது சாதாரண அட்மிஷன் செய்தி மாதிரிதான் தெரியும். ஆனால், நம்ம ஊர்க் கல்லூரி விளையாட்டில் "இத்தனை இடம் பெண்ணுக்கு" என்று எழுத்தில், எண்ணிக்கையில் யாராவது சொல்வது ரொம்பவே அபூர்வம். அடையாறு ஐஐடி வளாகத்தைத் தாண்டி தி.நகர், மயிலாப்பூர் பக்கம் உள்ள கல்லூரிகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் செலவாகும் பணத்தில் மாணவிகளின் பங்கு எவ்வளவு? மைதானம் எத்தனை மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்கிறது? எத்தனை கோச்? இதையெல்லாம் ஆண்டுதோறும் கணக்கெழுதி பொதுவில் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதே சமயம், களத்தில் ஓடுகிற பெண் "பெண்தானா" என்று சோதிக்க மட்டும் விதி உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போகிறது. உலகம் முழுக்க கல்லூரி விளையாட்டில் பாலின சமத்துவம் பற்றி நடக்கும் சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஐஐடி விதி எப்படி வேலை செய்கிறது?

முதலில், இது மதிப்பெண் இல்லாமல் உள்ளே நுழையும் வழி கிடையாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றே ஆகணும். அதோடு, கடந்த 4 ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமாவது வாங்கியிருக்கணும். தடகளம், நீச்சல், பேட்மிண்டன், கூடைப்பந்து, வாலிபால், செஸ் என்று குறிப்பிட்ட விளையாட்டுகளின் பட்டியல் இருக்கிறது. சாதனைக்கு மதிப்பெண் போட்டு, தனியாக ஒரு தரவரிசை தயாரிக்கிறார்கள். முதல் ஆண்டில் இந்த வழியில் சேர்ந்தவர்கள் 5 பேர்.

இந்த இடங்கள் எல்லாமே கூடுதல் இடங்கள். அதாவது, ஏற்கெனவே உள்ள யாருடைய சீட்டையும் பறிக்கவில்லை. ஐஐடிகளில் மாணவிகள் எண்ணிக்கையை உயர்த்த 2018-ல் இதே உத்தியைத்தான் கையாண்டார்கள். அந்த ஆண்டு 14%, 2019-ல் 17%, 2020-ல் 20% என்று இலக்கு வைத்து, மாணவிகளுக்கெனக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். "எங்க பையன் இடம் போச்சு" என்று யாரும் வழக்குப் போட வழியில்லாத ஏற்பாடு. சாமர்த்தியமான விதி என்றே சொல்லணும்.

ஆனால் இது வாசலில் நிற்கும் விதி. உள்ளே போன பிறகு மைதானத்தில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. தவிர, தேசியப் பதக்கம் வாங்கிய பிறகுதான் இந்த வாசல் திறக்கும். பதக்கம் வாங்கும் இடம் வரைக்கும் ஒரு பெண்ணைக் கொண்டு போவது யார்?

டீம் இல்லைன்னா என்ன ஆகும்? வேலையே போகும்!

விளையாட்டு என்றால் கப்பும் மெடலும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் முக்கியம். இங்கே விளையாட்டு என்பது வேலைவாய்ப்பு.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் விளையாட்டு வீரர்களை நேரடியாக எடுக்க வழி உண்டு. ரயில்வே, வருமான வரித்துறை, அஞ்சல் துறை எல்லாம் இப்படி ஆள் எடுக்கின்றன. சென்னையில் தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐசிஎஃப், நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகம் என்று இந்த வழியில் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது.

மத்திய அரசு வேலைக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்குப் படிவம் 4.

சாதாரணக் குடும்பத்திலிருந்து வரும் கல்லூரி மாணவிக்கு எட்டக்கூடிய படிவம் பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான். அதற்குப் பாதை இப்படி. முதலில் கல்லூரி டீமில் இருக்கணும். அந்த டீம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போகணும். அங்கே நன்றாக ஆடினால் பல்கலைக்கழக டீமுக்கு செலக்‌ஷன். பிறகு தென் மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி.

இப்போது, ஒரு இருபாலர் கல்லூரியில் ஆண்கள் ஃபுட்பால் டீம் இருக்கிறது, பெண்கள் டீம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் "பொண்ணுங்க யாரும் பேர் கொடுக்கலை" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியால், ஃபுட்பால் ஆடத் தெரிந்த மாணவிக்குப் போட்டி இல்லை, செலக்‌ஷன் இல்லை, படிவம் 3 இல்லை, ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் இல்லை. மூன்று வருஷம் கழித்து வேலை அறிவிப்பு வரும்போது யாருக்கும் அந்தப் பழைய முடிவு ஞாபகம் இருக்காது.

கல்லூரியில் சேரும்போது கட்டுகிற விளையாட்டுக் கட்டணத்தைப் பொறுத்தவரை ஆண், பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை. வாங்கும்போது சமத்துவம்தான்.

டீம் இருந்தாலும் பிரச்னை முடிந்துவிடாது. மாலை 5 மணிக்கு மேல் மைதானம் யாருக்கு? பசங்க கிரிக்கெட் ஆடி முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் பெண்கள் டீம் பயிற்சி எடுத்தால், ஹாஸ்டல் மாணவி 6 மணிக்கெல்லாம் திரும்ப ஓடணும். வெளியூர்ப் போட்டி என்றால் கூடப் போக ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். பி.டி. மேடம் பணியிடம் காலியாக இருந்தால் டீமே கிளம்பாது. வகுப்பைத் தவறவிட்டதற்கு ஓ.டி. கொடுப்பது துறைத் தலைவரின் மனசைப் பொறுத்தது. இதில் எதையும் "பாகுபாடு" என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லாமே "நிர்வாகக் காரணம்".

மகளிர் கல்லூரிகள் இருக்கே, அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. சென்னையில் பெண்கள் விளையாட்டு இந்த அளவுக்கு உயிரோடு இருப்பதே மகளிர் கல்லூரிகளால்தான். மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் மயிலாப்பூர் ராணி மேரிக் கல்லூரி 1914-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. சாந்தோமில் 1947-ல் தொடங்கி, பின்னர் கதீட்ரல் சாலைக்கு வந்தது ஸ்டெல்லா மாரிஸ். 1948-ல் எத்திராஜ், 1992-ல் நுங்கம்பாக்கம் எம்.ஓ.பி. வைஷ்ணவா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.முதலியார் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவைப் பார்த்தால் இப்படிப்பட்ட கல்லூரிகளின் ஜெர்சிகள்தான் களத்தை நிறைக்கும்.

காரணம் எளிமையானது. அங்கே மைதானத்துக்கு ஆண்களோடு போட்டி போட வேண்டியதில்லை. இருக்கிற இடம், இருக்கிற பணம், இருக்கிற பி.டி. மேடம் எல்லாமே பெண்களுக்குத்தான். மதுரையிலும் இதே கதைதான். பாட்டி வளர்த்த, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணியை டோக்கியோ ஒலிம்பிக் கலப்பு தொடர் ஓட்டம் வரை கொண்டுபோன பாதையில் லேடி டோக் என்ற மகளிர் கல்லூரி இருக்கிறது.

ஆனால், மகளிர் கல்லூரியைக் காட்டியே இருபாலர் கல்லூரி தப்பித்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47% என்கிறது மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பு. அதில் பெண்கள் ஆண்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை. இந்த மாணவிகள் எல்லோரும் மகளிர் கல்லூரிக்குப் போவதில்லை. பொறியியல் என்றாலே இருபாலர் கல்லூரிதான் பெரும்பாலும்.

இன்னொன்று, நகரத்து நிலம். சென்னையின் நடுவில் உள்ள பல கல்லூரிகளுக்கு 400 மீட்டர் ஓடுபாதை போடும் அளவுக்கு இடமே கிடையாது. வாலிபால், கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ் என்று சின்ன இடத்துக்குள் முடியும் ஆட்டங்கள் தழைக்க அதுவும் ஒரு காரணம். ராணி மேரிக் கல்லூரி வளாகத்தையே 2003-ல் தலைமைச் செயலகம் கட்ட எடுக்கப் பார்த்ததும், மாணவிகள் வெளியேற மறுத்துப் போராடியதும் பலருக்கு நினைவிருக்கும். இடம் என்பது இந்த ஊரில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியின் நந்தனம் மைதானத்தைக்கூட, நம்மில் பலருக்குப் புத்தகக் காட்சி நடக்கும் இடமாகத்தானே தெரியும்!

அப்போ சட்டம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எல்லாமே பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது.

அரசியலமைப்பின் 15-வது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதன் 3-வது உட்பிரிவு பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, "செய்தே ஆகணும்" என்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறை, மாணவர்களைப் பாலின அடிப்படையில் பாகுபடுத்தக் கூடாது என்றது. 2015-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது என்று சொன்னது. மாலைப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்கு நேரடியாக உதவக்கூடிய வரி இது. எத்தனை விடுதி வார்டன்களுக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

நாக் மதிப்பீடு இன்னும் சுவாரஸ்யம். கல்லூரிகள் விழுந்து விழுந்து தயாராவது இந்த மதிப்பீட்டுக்குத்தான். மாணவர்கள் வாங்கிய விளையாட்டுப் பதக்கங்களை 5-வது அளவுகோலில் எண்ணுகிறார்கள். பாலின சமத்துவத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதை 7-வது அளவுகோலில் கேட்கிறார்கள். அங்கே கல்லூரிகள் வழக்கமாகக் காட்டுவது பாதுகாப்பு, கவுன்சலிங், மாணவிகள் ஓய்வறை. இரண்டு அளவுகோலும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மைதானத்தில் பாதி எங்கே என்ற கேள்வி நடுவில் விழுந்து காணாமல் போகிறது. ஓய்வறை கட்டினால் மார்க் உண்டு!

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 4 பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த பிறகு வந்த மாற்றம் என்ற வகையில் இது பெரிய விஷயம்தான். ஆனால் அது கூட்டமைப்புகளுக்கான சட்டம். கல்லூரி மைதானம் அதன் எல்லைக்குள் வராது.

அமெரிக்கா என்ன செய்தது?

கல்லூரி விளையாட்டில் சமத்துவம் என்றாலே உலகம் பேசும் சட்டம் ஒன்றுதான். 1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான "டைட்டில் நைன்". அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. மூலச் சட்டத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 37 சொற்கள், அவ்வளவுதான். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது.

1979-ல் வந்த விளக்கம்தான் அதற்குப் பல் கொடுத்தது. ஒரு கல்லூரி மூன்றில் ஒன்றை நிரூபித்தால் போதும். மாணவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாடுபவர்களிலும் ஏறக்குறைய அத்தனை பங்கு இருக்கணும். இல்லாவிட்டால், பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டி வந்திருக்கணும். அதுவும் இல்லாவிட்டால், இருக்கிற மாணவிகளின் ஆர்வத்தையும் திறமையையும் முழுசாகப் பூர்த்தி செய்திருக்கணும்.

"பொண்ணுங்க பேர் கொடுக்கலை" என்ற வாதம் அங்கேயும் வந்தது. 1991-ல் பிரவுன் பல்கலைக்கழகம் செலவைக் குறைக்க பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளையும் ஆண்கள் கோல்ஃப், வாட்டர் போலோ அணிகளையும் ஒரே நேரத்தில் கைவிட்டது. ஆளுக்கு ரெண்டு, சரிதானே? மாணவிகள் வழக்குப் போட்டார்கள். மாணவர்களில் ஏறக்குறைய பாதி பெண்கள், ஆனால் விளையாடுபவர்களில் 40% கூடப் பெண்கள் இல்லை. பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்றது பல்கலைக்கழகம். வாய்ப்பு கொடுக்கும்போதுதான் ஆர்வம் வளரும் என்ற அடிப்படையில் 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

விளைவு? சட்டத்துக்கு முன்பு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவிகள் சுமார் 3 லட்சம். இன்று 30 லட்சத்துக்கு மேல்.

குறைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. சில கல்லூரிகள் பெண்கள் அணியைக் கூட்டாமல் ஆண்கள் மல்யுத்தம் போன்ற அணிகளைக் கலைத்துக் கணக்கைச் சரிசெய்தன. போட்டியில் இறங்காத மாணவிகளின் பெயரைப் பட்டியலில் ஏற்றிக் கணக்குக் காட்டிய கல்லூரிகளும் உண்டு. இப்போது புதிய தலைவலி பணம். 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஒரு சமரசத்தின்படி, அங்குள்ள பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. பழைய பாக்கியாக 280 கோடி டாலர். இதில் பெரும்பகுதி ஆண்களின் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும் என்பதால் வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். சட்டம் வந்து 50 வருஷம் தாண்டியும் சண்டை ஓயவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் செய்த ஒரு சின்னக் காரியம் நமக்கு உடனே பயன்படும். 1994-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஆண், பெண் அணிகளில் எத்தனை பேர், எவ்வளவு செலவு, கோச்சுகளுக்கு எவ்வளவு சம்பளம் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அவ்வளவுதான். யாருக்கும் ஒதுக்கீடு இல்லை, யார் அணியையும் கலைக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டினால் போதும்.

மறுபக்கம்: "நீ பெண்தானா?"

இப்போது இரண்டாவது விவாதத்துக்கு வரலாம். டிவி விவாதங்களில் சூடு பறப்பது இதில்தான்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினச் சோதனையில் தோற்றார் என்ற செய்தி ஊடகங்களில் வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடல் பற்றிய மருத்துவ விவரத்தை, அவருக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்வதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிவித்தார்கள்.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாய் பரிசை நிறுத்தாமல் கொடுத்தார். அந்தப் பணத்தை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார் சாந்தி. ஆனால் நிலையான வேலை இல்லை. ஒரு கட்டத்தில் மீண்டும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பத்து வருஷம்! தோஹா பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை.

இந்தச் சோதனைகளின் வரலாற்றில் கல்லூரி விளையாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினெஸ் பட்டினோ குரோமோசோம் சோதனையில் சிக்கினார். எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருந்தாலும், டெஸ்டோஸ்டீரோனுக்கு அவர் உடல் வினையாற்றவே செய்யாது. அதாவது அதனால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. போராடி 1988-ல் மீண்டும் அனுமதி பெற்றார். அதற்குள் அவருடைய நல்ல வருஷங்கள் போய்விட்டன. இப்படிப்பட்ட குழப்பங்களுக்குப் பிறகு 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோருக்குமான மரபணுச் சோதனையைக் கைவிட்டது.

2014-ல் ஒடிசாவின் தூத்தி சந்த் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் எந்த அளவுக்கு லாபம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. பிறகு 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் புது விதி வந்தது. 2023 மார்ச்சில் அது எல்லாப் போட்டிகளுக்கும் விரிந்தது. அதே மாதம், ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ளவும் தடை வந்தது.

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு பழைய மரபணுச் சோதனையையே புது வடிவில் கொண்டுவந்திருக்கிறது. உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால், வாழ்நாளில் ஒரு முறை எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை கட்டாயம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவியோ, ரத்தத்திலோ எடுக்கலாம்.

பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பருவமடையும்போது கிடைக்கும் உயரம், தசை, வேகம் எல்லாம் உண்மை. அந்த வித்தியாசத்துக்காகத்தானே தனிப் பிரிவே வைத்தோம். பல வீராங்கனைகளே இந்தச் சோதனையை ஆதரிக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு: ஒரே ஒரு மரபணுவை வைத்து முடிவு செய்யலாமா? முடிவு தெரிந்த 19 வயதுப் பெண்ணை யார் தாங்குவார்கள்? அந்த விவரம் வெளியே கசியாது என்பதற்கு யார் பொறுப்பு? சாந்தி விஷயத்தில் அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். இந்தச் சோதனையில் சிக்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மைதானமும் டீமும் கோச்சும் கிடைக்காத மாணவிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் "பெண்கள் விளையாட்டைக் காப்பாற்றணும்" என்ற குரல் முதல் விவகாரத்தில்தான் ஓங்கி ஒலிக்கிறது. பெண்கள் டீம் கலைக்கப்பட்டால் எந்த சேனலிலும் பிரேக்கிங் நியூஸ் ஓடாது.

"ஒதுக்கீடு வந்தால் தரம் குறையாதா?"

இந்தக் கேள்வியும் வரும். கிரிக்கெட்டில் 2022 அக்டோபரில் பிசிசிஐ ஆண், பெண் அணிகளுக்கு ஒரே போட்டிக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். மூன்று வருஷத்தில், 2025 நவம்பர் 2 அன்று ஹர்மன்பிரீத் கவுர் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது. சம்பளம் ஏறியதால்தான் கோப்பை வந்தது என்று சொன்னால் அது மிகைதான். அதற்குப் பின்னால் மகளிர் பிரீமியர் லீக்கும் பல வருஷ உழைப்பும் இருக்கு. ஆனால் சமமாகக் கொடுத்தால் தரம் குறையும் என்றவர்களுக்கு அந்த இரவு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

கல்லூரிகளின் உண்மையான சங்கடம் தரம் இல்லை, பணம். அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரு மைதானம், ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர், கொஞ்சம் நிதி. இதில் பெண்கள் அணிக்குக் கொடுத்தால் ஆண்கள் அணியில் கை வைக்கணும். அந்தப் பசங்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லையே, அவர்களுக்கும் படிவம் 3 தேவைதானே. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் மூன்று அம்சச் சோதனையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது சரிவராது. கூடுதலாகக் கொடுப்பது என்ற ஐஐடி வழி இங்கே எடுபடும். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவிகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதும் அந்த வகைதான். யாரிடமிருந்தும் பறிக்காமல் ஒரு வாசல் கூடுதலாகத் திறக்கிறது.

ஆனால் எது குறைகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கூட்டுவது என்று தெரியும். அதற்கு அந்தக் கணக்கு வெளியே வரணும்.

மாணவிகள் இப்போதே என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், ராணி மேரி, மாநிலக் கல்லூரி போன்றவை எல்லாம் அரசு நிறுவனங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றுக்கு நேரடியாகப் பொருந்தும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தனியார் கல்லூரிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுயநிதிக் கல்லூரிகளை இந்த வழியில் நேரடியாகக் கேட்க முடியாது. அங்கே படிப்பவர்கள், கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்திடம் உள்ள விவரங்களைக் கேட்கலாம்.

கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்பது நல்லது. கடந்த 3 ஆண்டுகளில் மாணவர்களிடமிருந்து வசூலான விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு? அதில் ஆண்கள் அணிகளுக்கும் பெண்கள் அணிகளுக்கும் தனித்தனியாகச் செலவானது எவ்வளவு? எந்தெந்த விளையாட்டில் பெண்கள் அணி போட்டிக்கு அனுப்பப்பட்டது? மைதானப் பயிற்சி நேர அட்டவணையின் நகல் கிடைக்குமா? உடற்கல்விப் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை?

"ஏன் அனுப்பவில்லை" என்று காரணம் கேட்டால் பதில் வராது. கையில் இருக்கும் ஆவணத்தையும் எண்ணிக்கையையும்தான் கேட்கணும். பிரித்துக் கணக்கு வைக்கவில்லை என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 10 ரூபாய். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் கல்லூரி பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம். அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை.